இரண்டு பாதிக்கும் ஒரு சத்தியம்

லினாரெஸ்,
மார்ச் 14, 2005

அன்புத் தம்பி நிபால்தோ,

இருமல் எப்படி இருக்கிறது? போன கடிதத்தில் "பரவாயில்லை" என்று எழுதியிருந்தாய். நீ பரவாயில்லை என்றால் போர்வைக்குள் சுருண்டு கிடக்கிறாய் என்று அர்த்தம். ஈரச் சட்டையோடு அந்த மீன் பண்ணை மிதவையில் திரியாதே. எனக்கு வழக்கமான முதுகுவலி, வேறு ஒன்றுமில்லை.

ஒரு நல்ல செய்தி. நகராட்சி இந்த வருடம் எல்லாப் பள்ளிக்கூடங்களின் மதிப்பெண் அட்டைகளையும் வெளியே கொடுத்து அடிக்கப் போகிறதாம். நானும் விண்ணப்பம் போட்டிருக்கிறேன். கிடைத்தால் மனு அடிக்கிற என் கடை பிழைத்தது. கிடைக்காவிட்டால் குளிர்காலம் முடிவதற்குள் ஷட்டரை இறக்கிவிட வேண்டியதுதான். இப்போதெல்லாம் பதிவாளர் அலுவலகத்துக்கு வருகிறவன் மனுவைத் தானே அடித்துக்கொண்டு வந்துவிடுகிறான். நேற்று முழுக்க எனக்கு இரண்டு ஜெராக்ஸ்தான் ஓடியது.

ஆனால் ஒரு நிபந்தனை வைத்திருக்கிறார்கள். கடையின் கம்ப்யூட்டரில் இருக்கிற அத்தனையும் முறையான லைசென்ஸ் உள்ளவை என்று நோட்டரி முன்னால் சத்தியம் செய்து பத்திரம் கொடுக்க வேண்டும். எனக்கென்ன பயம்? நீ எனக்குச் செய்து கொடுத்த பெட்டியின் முதுகிலேயே லைசென்ஸ் ஸ்டிக்கர் பளபளக்கிறதே! நேராகப் போனேன். நோட்டரியின் குமாஸ்தா தோன் அபெலார்தோவை உனக்கு நினைவிருக்கும், காதில் பேனா செருகியிருப்பாரே, அவர்தான். ஸ்டிக்கரின் எண்ணை எழுதிக்கொண்டார். அப்புறம் நானே வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். "இதுல இன்னொரு பாதியும் இருக்கு, என் தம்பியோடது, லினக்ஸ்" என்று சொல்லித் தொலைத்தேன்.

"அதுக்கு ரசீது எங்கேம்மா?"

"ரசீது கிடையாது. அது இலவசம்."

"காசு வாங்காம குடுத்தவன் யாரு? அவன் கையெழுத்து வேணும். ரசீதும் இல்ல, கையெழுத்தும் இல்லன்னா நான் எதுல முத்திரை குத்துறது, உங்க நெத்தியிலயா?"

அதனால் நீ, லினக்ஸுக்குப் பென்குயினைச் சின்னமாக வைத்திருக்கிற அந்தப் பென்குயின்காரனிடம் சொல்லி ஒரு முத்திரை வைத்த காகிதம் வாங்கி அனுப்பு. ரேடியோவில் கூப்பிடாதே, நாம் பேசுவதை மொத்தக் கடலும் கேட்கும். உங்கள் மிதவையின் இன்டர்நெட்டும் மீனுக்குத் தீனிக் கணக்கு அனுப்ப மட்டும்தானே. தபாலிலேயே அனுப்பு.

இன்று காலை பெட்டியைப் போட்டபோது, எந்தப் பாதி வேண்டும் என்று கேட்கிற அந்தக் கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். முதல் வரி நான், இரண்டாவது வரி நீ. தேர்ந்தெடுக்கப் பத்து விநாடி. நாம் இரண்டு பேரும் முழங்கையால் இடித்துக்கொண்டு விசைப்பலகைக்குப் பாய்வோமே! நீ போய் நான்கு வருடம் ஆகிறது, இப்போது இடிக்க ஆளில்லை. பத்து விநாடியும் முழுசாக ஓடி, அதுவாக என் பாதிக்குள் போகிறது. உன் பாதிக்குள் நான் ஒரு நாளும் நுழைந்ததில்லை. ஒப்பந்தம் ஒப்பந்தம்தான்.

சட்டையை உலர்த்திப் போடு.

உன் அக்கா,
ஃப்ரேசியா

•

புவெர்தோ சிஸ்னெஸ்,
ஏப்ரல் 2, 2005

அன்புள்ள அக்கா,

இருமல் போய்விட்டது. உன் முதுகுக்குச் சூடான செங்கல்லைத் துணியில் சுற்றி வை, அம்மா செய்வது போல.

இங்கே பதினொரு நாளாக மழை. நாற்பது கூண்டு சால்மன் மீன்களுக்கும் தீனி போடும் கம்ப்யூட்டர் என் பொறுப்பில். அது நின்றால் மீன் பட்டினி, மீன் பட்டினி என்றால் முதலாளி என்னைத் தின்றுவிடுவார். சமையல்காரி தோனியா எர்சிரா என்னைப் பார்த்து, "படிச்ச புள்ள, மீனுக்கு ஆயாவா ஆயிட்டியேடா" என்று தினமும் கேலி செய்கிறாள்.

பென்குயின்காரன் என்று ஒரு ஆள் கிடையாது, அக்கா. ஆயிரக்கணக்கான பேர் எழுதியது. உரிமப் பத்திரம் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம், படியெடுக்கலாம், பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கலாம் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. அதை அச்சடித்துத் தோன் அபெலார்தோவிடம் கொடு.

ஒன்று செய்யேன். சத்தியத்தை என் பாதிக்கு மட்டும் செய். உன் பாதியைப் பத்திரத்தில் சேர்க்காதே. முடிந்தால் அதைப் பயன்படுத்தாமலே இருந்துவிடு. மதிப்பெண் அட்டையை என் பாதியிலும் அடிக்கலாம்.

அந்தப் பெட்டியைச் செய்த ஆகஸ்ட் மாதம் நினைவுக்கு வருகிறது. உன் முப்பதாவது பிறந்தநாளுக்கு முந்தின வாரம் முழுக்க நான் மேஜைக்கு அடியிலேயே கிடந்தேன். நீ மேலேயிருந்து எண்ணெயில் பொரித்த சோபாய்ப்பீயாவை நீட்டுவாய், நான் கையை மட்டும் வெளியே நீட்டி வாங்குவேன். திருகாணியிலெல்லாம் எண்ணெய். அவ்வளவு சந்தோஷமாக நான் அப்புறம் எந்த வேலையும் செய்ததில்லை.

அன்புடன்,
நிபால்தோ

•

லினாரெஸ்,
ஏப்ரல் 20, 2005

அடே தம்பி,

செங்கல் வைத்தேன், முதுகு கேட்டது. நீ சாப்பிடுகிறாயா? மீனுக்குப் போடுவதில் பாதியாவது உன் வயிற்றுக்குப் போகிறதா?

உன் யோசனையைப் படித்து வாய்விட்டுச் சிரித்தேன். ஸ்டிக்கர் உள்ளதை மறைத்துவிட்டு ஸ்டிக்கர் இல்லாததற்குச் சத்தியம் செய்யச் சொல்கிறாய். நியாயம் தலைகீழாக அல்லவா நிற்கிறது! உனக்கு என் பாதி எப்போதுமே ஆகாது, அது தெரிந்த கதை. ஆனால் என் பெருமையே அந்த ஸ்டிக்கர்தான். ஓரம் உரியக் கூடாது என்று வருடா வருடம் நகப்பூச்சு அடித்து வைத்திருக்கிறேன். இந்தத் தெருவில் எல்லாரும் சந்தையில் வாங்கிய திருட்டு டிஸ்க் போட்டு ஓட்டுகிறார்கள். நான் மட்டும்தான் வருகிறவர்களிடம் பெட்டியைத் திருப்பிக் காட்டி, "பாருங்க, எல்லாம் நேர்வழி. நான் டிக்கெட் பரிசோதகர் மக" என்று சொல்ல முடியும்.

அப்பா சொந்த மைத்துனனுக்கே அபராதம் போட்டவர். பார்ரால் ஸ்டேஷனில் மாமா இறங்கிப் போய் இரண்டு வருடம் நம் வீட்டுப் பக்கம் வரவில்லை, நினைவிருக்கிறதா? அவர் பெண் நோட்டரி முன்னால் பாதிச் சத்தியம் செய்தாள் என்று பேர் எடுக்க மாட்டேன்.

தோன் அபெலார்தோவுக்கு இப்போது புதுச் சந்தேகம். "ஒரே வீட்டுல ரெண்டு குடித்தனமா? முதல் குடித்தனக்காரன் சம்மதிச்சானா?" என்கிறார். "ரெண்டும் ஒரே நேரத்துல வீட்ல இருக்காதுங்க, ஒண்ணு எந்திரிச்சாத்தான் இன்னொண்ணு படுக்கும்" என்றேன். "அப்போ அது என் சம்சாரமும் மாமியாரும் மாதிரி" என்று சொல்லிவிட்டுப் பேனாவைக் காதில் செருகிக்கொண்டார்.

ஜூன் 15 கடைசி நாள். உன் பாதிக்குள் எப்படி நுழைவது, அந்தப் பத்திரம் எங்கே இருக்கிறது, விவரமாக எழுது. குழந்தைக்குச் சொல்வது போல எழுது.

அக்கா ஃப்ரேசியா

•

புவெர்தோ சிஸ்னெஸ்,
மே 6, 2005

அன்பு அக்கா,

நன்றாகச் சாப்பிடுகிறேன். தோனியா எர்சிரா தட்டை வழித்துத் தின்னும் வரை விடமாட்டாள்.

கறுப்புத் திரை வந்ததும் கீழ் அம்புக்குறியை அமுக்கு. இரண்டாவது வரி வெளுக்கும், என்டர் தட்டு. என் பெயர் கேட்கும். கடவுச்சொல், நான் உனக்கு வைத்த பட்டப்பெயர். எதுவென்று உனக்கே தெரியும், கோபிக்காதே. மற்ற படிகளைத் தனித் தாளில் ஒவ்வொன்றாக எழுதி இதோடு வைத்திருக்கிறேன். உரிமப் பத்திரத்தை மட்டும் அச்சடி. வேறு எதையும் திறக்காதே, எல்லாம் என் பழைய குப்பை.

நீ எழுதியதிலிருந்து அப்பாவே மனதில் இருக்கிறார். சின்ன வயதில் என்னை ரயிலில் கூட்டிப் போகும்போதுகூட எனக்கும் டிக்கெட் எடுப்பார். "உனக்கு பாஸ் இருக்கு, எனக்கெதுக்குப்பா?" என்று கேட்டால், "பாஸ் எனக்குத்தான்டா, என் பிள்ளைக்கு இல்ல" என்பார்.

அக்கா, அந்த ஸ்டிக்கரைப் பற்றி உன்னிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். ரொம்ப நாளாகவே

படகு சங்கு ஊதுகிறது. இதைக் கொடுத்தனுப்பாவிட்டால் இனி இரண்டு வாரம் ஆகும். உடம்பைப் பார்த்துக்கொள்.

நிபால்தோ

•

லினாரெஸ்,
மே 19, 2005

தம்பி,

இங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது. காலையில் விரல் மடங்குவதில்லை. உனக்கு ஒரு கம்பளிச் சட்டை பின்னிக்கொண்டிருக்கிறேன், கையளவு மறந்துவிட்டது, அளந்து எழுது.

ஸ்டிக்கரைப் பற்றி என்னடா? "ரொம்ப நாளாகவே" என்று எழுதிவிட்டு ஓடிவிட்டாய். ஒரு முழு வாக்கியத்துக்குப் படகு காத்திருக்காதா? நகப்பூச்சு அடிக்கக் கூடாதா? எண் மங்கிவிடுமா?

உன் தாள் வந்தது. இன்னும் உள்ளே போகவில்லை. நேற்று கறுப்புத் திரையில் அம்புக்குறி மேல் விரலை வைத்தேன், எடுத்துவிட்டேன். நீ வெளியூர் போயிருக்கும்போது உன் அறைக் கதவைத் திறப்பது போல இருந்தது. சிரிக்காதே. அடுத்த வாரம் போகிறேன்.

மதிப்பெண் அட்டைக்குக் காகிதம் விலை விசாரித்துவிட்டேன். கடைக்காரர் வெளாஸ்கஸ், "உங்ககிட்டதாம்மா எல்லாம் சுத்தமா இருக்கு, உங்களுக்குத்தான் கிடைக்கும்" என்றார். எனக்குப் பெருமையில் கால் தரையில் நிற்கவில்லை.

பதில் சீக்கிரம் போடு. பதினைந்தாம் தேதி சத்தியம்.

அக்கா

•

புவெர்தோ சிஸ்னெஸ்,
ஜூன் 3, 2005

அக்கா,

உன் கடிதம் நேற்று வந்தது. கையளவு அறுபத்திரண்டு சென்டிமீட்டர். உடம்புக்கு ஒன்றுமில்லை. மனசுதான் சரியில்லை.

சத்தியம் செய்யாதே. அந்த ஸ்டிக்கர் உன் பெட்டியுடையது இல்லை.

உன் பெட்டியைச் செய்த வருடம், நான் படித்த இன்ஸ்டிட்யூட்டில் ஒரு கம்ப்யூட்டர் எரிந்துபோனது. குப்பைக்கு எடுத்துப் போகச் சொன்னார்கள். அதன் முதுகில் அந்த ஸ்டிக்கர் இருந்தது. உன் ஹேர் டிரையரை எடுத்துக்கொண்டு போய்ச் சூடு காட்டி, ஓரம் கிழியாமல் உரித்து, உன் பெட்டியில் ஒட்டினேன். அதிலிருந்த எண்ணைப் போட்டுத்தான் உன் பாதியை நிறுவினேன். அந்த லைசென்ஸ் எரிந்த பெட்டியோடு பிறந்தது, அதோடு செத்தது. இன்னொரு பெட்டியில் ஒட்டினால் உயிர் வராது. சந்தை டிஸ்க் வைத்திருக்கிற உன் தெருக்காரர்களுக்கும் உனக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. அவர்களுக்காவது அது திருட்டு என்று தெரியும். உனக்குத் தெரியாது. அது என்னால்.

வாங்கக் கையில் பணம் இல்லை. லினக்ஸ் மட்டும் போட்டுக் கொடுத்தால், "பென்குயினை வச்சு எவனுக்கு மனு அடிப்பேன்?" என்று நீ திட்டுவாய். சந்தை டிஸ்க்கைப் போட்டால் அப்பா பெண் நீ, மூஞ்சியைத் திருப்பிக்கொள்வாய். நீ சந்தோஷப்பட வேண்டும் என்று மட்டும்தான் நினைத்தேன். ஸ்டிக்கரைப் பார்த்ததும் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாயே, அந்த நிமிடமே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பிறகு ஒவ்வொரு வருடமும் சொல்வது கஷ்டமாகிக்கொண்டே போனது. ஊர் முழுக்க இலவச மென்பொருள் பிரசங்கம் செய்துகொண்டு திரிந்தவன், வீட்டில் திருடனாக உட்கார்ந்திருந்தேன்.

என்னை என்ன வேண்டுமானாலும் சொல். நோட்டரி முன்னால் மட்டும் போகாதே.

தெற்கே வானம் கறுத்து வருகிறது, துறைமுகத்தை மூடிவிடுவார்கள் என்கிறார்கள். படகுக்காரனிடம் கொடுக்காமல் நானே தபால் நிலையத்துக்குப் போய்ச் சேர்க்கிறேன்.

நிபால்தோ

•

லினாரெஸ்,
ஜூன் 9, 2005

நிபால்தோ,

நலம் விசாரிக்க எனக்கு இன்று மனசு வரவில்லை.

மே ஆறாம் தேதிக்குப் பிறகு உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. நான் கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை. சரி, நேற்று உன் பாதிக்குள் போனேன். முட்டைக்கோஸ் என்று அடித்ததும் திறந்துகொண்டது. உன் தாளில் சொன்னபடியே போய் உரிமப் பத்திரத்தை அச்சடித்தேன். ஆறு பக்கம். அதோடு எழுந்திருக்க வேண்டும். எழுந்திருக்கவில்லை. உன் பழைய குப்பையைப் பார்க்க ஆசையாக இருந்தது. நீ எழுதிய பாட்டுப் பட்டியல், பள்ளிக்கூட நண்பர்கள் முகவரி, ஒவ்வொன்றாகத் திறந்து சிரித்துக்கொண்டிருந்தேன். அப்போது "அக்காவுக்கு" என்று ஒரு கோப்பு.

ஆகஸ்ட் 22, 1999. என் பிறந்தநாளுக்கு மறுநாள். "அக்கா, இதை நான் அச்சடித்து உன் தலையணைக்கு அடியில் வைக்கப் போகிறேன்" என்று ஆரம்பம். ஹேர் டிரையர், எரிந்த பெட்டி, எல்லாம் இருந்தது. அடுத்த வருடம் அதே தேதியில் கீழே இரண்டு வரி: "இந்த வருடமும் சொல்லவில்லை." அதற்கடுத்த வருடம் நீ தெற்கே கிளம்புவதற்கு முந்தின நாள் ஒரு வரி. அதோடு சரி.

நான் நுழையாத இடமாகப் பார்த்து எனக்கே கடிதம் எழுதி வைத்திருக்கிறாய். நான் ஒப்பந்தத்தை மீற மாட்டேன் என்று உனக்கு அவ்வளவு நம்பிக்கை.

ஆறு வருடமடா! ஆறு வருடமாக வருகிறவன் போகிறவனிடமெல்லாம் பெட்டியைத் திருப்பிக் காட்டினேன். அப்பா பெயரைச் சொல்லிச் சொல்லிக் காட்டினேன். நகப்பூச்சு அடித்தேன். அதை நினைத்தால் எனக்கு உடம்பெல்லாம் கூசுகிறது.

பணம் இல்லாமல் செய்தாய், புரிகிறது. இருபத்திரண்டு வயது, புரிகிறது. ஸ்டிக்கரை நான் மன்னித்துவிடுவேன், அது எனக்குத் தெரியும். எனக்கு ஒன்றே ஒன்றுதான் தெரிய வேண்டும். இந்த முறை, நான் நோட்டரி முன்னால் கையைத் தூக்குவதற்கு முன்னால், நீயாகச் சொல்லியிருப்பாயா? இல்லை, மீனுக்குத் தீனி போட்டுக்கொண்டு பேசாமல் இருந்திருப்பாயா?

ஃப்ரேசியா

•

புவெர்தோ சிஸ்னெஸ்,
ஜூன் 22, 2005

அக்கா,

துறைமுகம் பதினாறு நாள் மூடிக் கிடந்தது. நேற்றுதான் திறந்தார்கள். முதல் படகில் உன் கடிதம் வந்தது. பதினைந்தாம் தேதி போய்விட்டது. நீ என்ன செய்தாய் என்று தெரியாமல் நேற்றிலிருந்து சோறு இறங்கவில்லை. தோனியா எர்சிராகூட இன்று கேலி செய்யவில்லை.

நீ கேட்டதற்கு இனிமேல் நான் என்ன சொன்னாலும் அது மாட்டிக்கொண்டவன் சொல்வதாகத்தான் இருக்கும். அதனால் ஒன்றும் சொல்லவில்லை. நீ எழுதியது அத்தனையும் உண்மை.

உன் முதுகைப் பார்த்துக்கொள். குளிரில் கடையின் பின்கதவைத் திறந்து போடாதே.

நிபால்தோ

•

லினாரெஸ்,
ஜூன் 25, 2005

என் தம்பி நிபால்தோவுக்கு,

முதுகு நன்றாக இருக்கிறது, விரலும் மடங்குகிறது. நேற்று சான் ஹுவான் பண்டிகைக்குக் குழம்பு வைத்தேன். தனியாகத் தின்ன முடியாமல் பாதியைத் தோன் அபெலார்தோ வீட்டுக்குக் கொடுத்தனுப்பினேன்.

பதினான்காம் தேதி வேண்டிய கோப்புகளை எல்லாம் உன் பாதிக்கு மாற்றிவிட்டு என் பாதியை அழித்தேன். உறுதியாகவா என்று இரண்டு முறை கேட்டது. ஸ்டிக்கரையும் உரித்துவிட்டேன். ஹேர் டிரையர் வேலை செய்கிறது என்பதையும் தெரிந்துகொண்டேன். அந்தக் கறுப்புத் திரை இன்னும் வருகிறது, ஆனால் அதில் ஒரே வரிதான். மறுநாள் உன் உரிமப் பத்திரத்தோடு நோட்டரிக்குப் போனேன். தோன் அபெலார்தோ கண்ணாடி போட்டுக்கொண்டு ஆறு பக்கத்தையும் படித்தார்.

"படியெடு, கொடு, மாத்திக்கோ, யாரும் கேக்க மாட்டோம்னு எழுதியிருக்கான். இவன் என்ன, சந்நியாசியா?"

"ஆயிரம் பேருங்க."

"ஆயிரம் சந்நியாசியா! சரி, ஸ்டிக்கர் ஒண்ணு இருந்துச்சே, அது எங்க?"

"அது என்னோடது இல்லங்க."

 அவர் ஸ்டிக்கர் எண் எழுதிய பழைய பத்திரத்தைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக அடிக்க ஆரம்பித்தார். கையைத் தூக்கிச் சத்தியம் செய்தேன். 

கிராமத்துப் பள்ளிக்கூடங்கள் பதினொன்று எனக்கு வந்தன. டவுன் பள்ளிக்கூடங்கள் இந்திபெந்தென்சியா தெருக்காரனுக்குப் போய்விட்டன. அவன் கடையில் இருப்பது முழுக்கச் சந்தை டிஸ்க். அவனும் சத்தியம் செய்திருக்கிறான், நல்லா இருக்கட்டும். பதினொன்று இருந்தால் டிசம்பர் வரை ஷட்டர் திறந்திருக்கும். நகராட்சி அனுப்பிய படிவம் உன் பாதியில் திறந்தால் கட்டமெல்லாம் கோணல் மாணல். எல்லாக் கோட்டையும் நானே புதிதாகப் போட்டேன். உன்னைத் திட்டிக்கொண்டேதான் போட்டேன்.

நேற்று மத்தியானம் தபால்காரர் உன் கடிதத்தைக் கொண்டுவந்தார். ஒன்பதாம் தேதி எழுதியதற்குப் பதில், ஏதோ சமாதானம் சொல்லியிருப்பாய் என்று நினைத்து அடுப்படியில் வைத்துவிட்டேன். குழம்பைக் கிளறிக்கொண்டே உறையைப் பார்த்தேன். முத்திரை விழுந்திருந்தது ஜூன் மூன்று. நான் உன் பாதிக்குள் போவதற்கு ஐந்து நாள் முன்னால். கரண்டியைப் போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். பிரிக்காமலேயே அழுதேன். அப்புறம் பிரித்துப் படித்தும் அழுதேன்.

ஆறு வருடம் சொல்லாமல் இருந்தவன் ஐந்து நாள் முந்திக்கொண்டாய். எனக்கு அது போதும்.

கம்பளிச் சட்டை முடிந்துவிட்டது. தபாலில் அனுப்ப மாட்டேன், வந்து போட்டுக்கொள்.

உன் அக்கா,
ஃப்ரேசியா